'ஃபீ'க்குள் நிற்கும் மாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு மலரின் சொல்லாய்வுப் பத்தியில், ஆங்கில 'ஃபீ' தமிழ் 'ஈ'யிலிருந்து பிறந்தது என்றொரு குறிப்பு வந்திருந்தது. ஈ என்றால் கொடு. வைத்தியருக்கும் வாத்தியாருக்கும் கொடுப்பது ஃபீ. ஆகவே ஈ தாய், ஃபீ பிள்ளை. வாதம் இவ்வளவுதான். வாசிக்க இனிக்கிறது, ரியூசன் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் அந்தச் சொல்லின் மெய்யான வரலாற்றில் தமிழ் வாசகருக்கு இதைவிடப் பெரிய விருந்து காத்திருக்கிறது. குறிப்பை எழுதியவர் வாசற்படியோடு திரும்பிவிட்டார்.

முதலில் சொல்லின் பழைய உருவத்தைப் பார்ப்போம். சுமாராக 5ஆம் நூற்றாண்டிலிருந்து 1100 வரை வழங்கிய ஆங்கிலத்தைப் பழைய ஆங்கிலம் என்பார்கள். இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு அது ஒரு வரிகூடப் புரியாது. அந்த மொழியில் இச்சொல்லின் வடிவம் 'ஃபெயொஹ்'. கடைசியில் வருவது வெறும் ஹகரமல்ல. தொண்டையை உரசிக்கொண்டு வரும் ஒலி, நம் ஆய்தத்துக்குக் கிட்ட நிற்பது. அதன் பொருள் கால்நடை, சொத்து, பணம். ஒரே சொல் மூன்றுக்கும் நின்றது. பட்டியில் எத்தனை மாடு என்பதுதான் ஒருவனுடைய கையிருப்பு என்றிருந்த காலத்தில் மூன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

இந்தச் சொல்லோடு 'இல்லாத' என்னும் பொருள் தரும் விகுதி சேர்ந்த 'ஃபெயொஹ்லெயஸ்' என்ற சொல்லும் உண்டு. பேயவுல்ஃப் என்னும் பழைய ஆங்கிலக் காவியத்தில் ஓர் அரசகுமாரன் குறி தவறி விட்ட அம்பு அவனுடைய அண்ணனைக் கொன்றுவிடுகிறது. கொலைக்கு ஈடாகக் கொன்றவன் குடும்பம் பொருள் கொடுத்துப் பகை தீர்ப்பது அந்தச் சமூகத்தின் வழக்கம். இங்கே கொன்றவனும் மகன், மாண்டவனும் மகன். தகப்பன் யாரிடம் போய் ஈடு கேட்பான்? அந்தச் சாவைத்தான் காவியம் 'ஃபெயொஹ்லெயஸ்' என்கிறது. 'காசில்லாத' என்று அகராதியைப் பார்த்துப் பெயர்த்தால் உயிர் போய்விடும். 'ஈடு செய்ய வழியற்ற' என்பதே அங்கே பொருள்.

அம்மக்கள் மரத்திலும் கல்லிலும் எலும்பிலும் கீறிய ரூன் எழுத்து வரிசையில் முதலெழுத்தின் பெயரும் இதுவே. நமக்கு அகர முதல எழுத்தெல்லாம். அவர்களுக்கு மாடு முதல. ஒவ்வொரு ரூனுக்கும் ஒரு செய்யுளாக 29 செய்யுள் கொண்ட பழைய பாட்டு ஒன்று உண்டு. செல்வம் எல்லாருக்கும் ஆறுதல் தருவது, ஆயினும் இறைவன் முன் நற்பெயர் வேண்டுகிறவன் அதைத் தாராளமாகப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்று தொடங்குகிறது முதற்செய்யுள். அதன் கையெழுத்துப்படி 1731இல் லண்டனில் ஒரு நூற்சேகரிப்பு தீப்பற்றியபோது எரிந்துபோயிற்று. 1705இலேயே யாரோ ஒருவர் அச்சில் ஏற்றியிருந்ததால் பாட்டு மட்டும் தப்பியது. நூல்கள் எரிந்தால் என்ன போகும் என்பதை நம் வாசகருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இனி உறவுக்காரரைப் பார்க்கலாம். ஜெர்மன் மொழியில் கால்நடைக்கு இன்றும் வழங்கும் சொல்லை ஒருவர் உச்சரிக்கக் கேட்டால் அச்சொட்டாக 'ஃபீ' என்றே காதில் விழும். எழுத்துக் கூட்டல் வேறு; கட்டணம் என்ற பொருளும் கிடையாது; வெறும் மாடும் ஆடும்தான். 1796 வரை கொழும்புக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தரின் மொழியில் 'வே' என்றால் கால்நடை. ஐஸ்லாந்து மொழியில் இதே குடும்பத்துச் சொல் இன்றைக்கும் பணத்தையும் குறிக்கும், ஆட்டுமந்தையையும் குறிக்கும். 4ஆம் நூற்றாண்டில் விவிலியம் பெயர்க்கப்பட்ட கோதிக் மொழியில் அது 'ஃபெஹு'. அங்கே பொருள், பணம் என்ற கருத்திலேயே வருகிறது.

இந்த 'ஃபெஹு' என்ற வடிவத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விருந்து இங்கேதான் ஆரம்பம்.

ஆங்கிலம், ஜெர்மன், ஒல்லாந்தம், கோதிக் முதலிய ஜெர்மானிய மொழிகளுக்கும் அவற்றின் தூரத்து உறவுகளான லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் முதலியவற்றுக்கும் இடையே மெய்யொலிகள் ஒழுங்காக இடம்மாறி நிற்கின்றன. டென்மார்க் அறிஞர் ராஸ்க் 1818இல் இதைக் காட்டினார்; ஜெர்மன் அறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் விதியாக்கினார். மற்ற மொழிகளில் பகரம் நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ஃபகரம் நிற்கும். தமிழில் நாம் நாளும் புழங்கும் வடசொற்களை வைத்தே சோதிக்கலாம்: பாதம், ஃபூட், பிதா, ஃபாதர், பஞ்ச, ஃபைவ், பூரணம், ஃபுல். அதேபோல லத்தீனில் ககரமும் சமஸ்கிருதத்தில் சகரமும் நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ஹகரம் வரும். நாய்க்கு வடமொழியில் சுவானம், ஆங்கிலத்தில் வேட்டைநாய் ஹவுண்ட். நூற்றுக்குச் சதம், ஆங்கிலத்தில் ஹண்ட்ரட். நம் ரூபாயின் நூறில் ஒரு பங்கை ஆங்கிலத்தில் சென்ட் என்றும் தமிழில் சதம் என்றும் நாணயத்தில் பொறித்தோமே, அவை இரண்டும் ஹண்ட்ரட்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். பார்த்தால் முகச்சாயல் துளியும் இல்லை.

இப்போது 'ஃபெஹு'வில் ஃபகரத்தை எடுத்துப் பகரத்தை வையுங்கள். ஹகரத்தை எடுத்துச் சகரத்தை வையுங்கள். எகரத்தை, வடமொழி செய்வதுபோல, அகரமாக்குங்கள். உகரத்தைத் தொடவேண்டாம். கிடைப்பது 'பசு'.

ஆம், நாம் பால் கறக்கும் பசுதான். லத்தீனில் அதே சொல் 'பெக்கு'. அதிலிருந்து வந்ததே பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா'. பணம் சம்பந்தப்பட்ட எதற்கும் ஆங்கிலச் சட்ட நூல்கள் எழுதும் 'பெக்கூனியரி' அதன் வழியே வந்தது. 'விசித்திரமான' என்று நாம் பெயர்க்கும் 'பெக்கூலியர்' கூட இதே பட்டிதான்: தகப்பன் மகனுக்கோ எசமான் அடிமைக்கோ தனியாக வைத்துக்கொள்ள விட்ட சிறு சொத்து 'பெக்கூலியம்', அதிலிருந்து 'தனக்கே உரிய', பிறகு 'மற்றவரிடம் காணாத', கடைசியில் 'விசித்திரமான'.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் சொல்லவேண்டும். முதலாவது, பசு தமிழில் வடசொல். ஆகவே இதை வைத்து ஆங்கிலம் தமிழிலிருந்து கடன் வாங்கியது என்று தலைப்புப் போட முடியாது. சமஸ்கிருதத்திலிருந்து ஆங்கிலம் கடன் வாங்கியது என்றும் போட முடியாது. இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து முதுசமாகப் பெற்ற சொல் இது. ஒன்று மற்றொன்றிடம் கைமாற்று வாங்கவில்லை. முதுசமா கைமாற்றா என்று காட்டுவது அந்த ஃபகரமேதான். பிற்காலத்தில் கப்பலேறிப் போன சொற்களில் பகரம் பகரமாகவே இருக்கும். பண்டிதர் 'பண்டிட்' ஆனார். மாட்டுக்கு வைக்கும் நம் புண்ணாக்கு இலங்கை ஆங்கிலத்தில் 'பூனாக்' ஆயிற்று. பசுவும் அப்படிப் போயிருந்தால் ஆங்கிலேயன் பகரத்தோடுதான் எழுதியிருப்பான்.

இரண்டாவது, பொருள். தமிழில் பசு என்றால் பெண்மாடு. வேதமொழியில் அது வளர்ப்பு விலங்கு எல்லாவற்றுக்கும் பொது. ஐந்து பசுக்களை எண்ணும்போது பசு, குதிரை, ஆடு வகைகளோடு மனிதனையும் சேர்த்தே எண்ணினார்கள். பதி, பசு, பாசம் என்னும் சைவ சித்தாந்தப் பிரிவில் பசு ஆன்மாவைக் குறிப்பது இந்த விரிந்த பொருளோடு ஒட்டியது. பாசத்தால் கட்டுண்டதால் பசு என்று பிரசங்கத்தில் சொல்வது தத்துவ விளக்கம். அதை அப்படியே சொற்பிறப்பாக எடுத்துப் போட்டால், அங்கும் தங்கள் பத்தியின் 'ஈ'க்கு நடந்ததுதான் நடக்கும்.

தமிழுக்கு இதில் பங்கே இல்லையா என்று வாசகர் மனம் நோகத் தேவையில்லை. 400ஆம் குறளை எல்லாரும் மனப்பாடம் செய்திருக்கிறோம்: 'கேடில் விழுச்செல்வம் கல்வி யொருவற்கு மாடல்ல மற்றை யவை'. அங்கே மாடு என்றால் செல்வம். ஃபெயொஹ் போலவே மாடும் ஒரே மூச்சில் கால்நடையையும் செல்வத்தையும் சுமந்த சொல். ஒலியில் எந்த ஒற்றுமையும் கிடையாது, குடும்ப உறவும் கிடையாது. ஆநிரை கவர்தலை வெட்சி என்று தனித் திணையாக்கிப் பாடிய சமூகமும், கொலைக்கு ஈடாக மாடு எண்ணிக் கொடுத்த சமூகமும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. ஒலி மாறியும் உறவாய் நிற்பது பசுவும் ஃபீயும். உறவில்லாமலே பொருளில் ஒத்துப்போவது மாடும் ஃபீயும். ஒலி மட்டும் ஒத்து வேறெதுவும் ஒவ்வாதது ஈயும் ஃபீயும். மூன்றில் எது கண்ணுக்கு முதலில் படுகிறதோ அதுதான் ஒன்றுக்கும் உதவாதது.

மாட்டிலிருந்து செல்வமா, செல்வத்திலிருந்து மாடா என்ற கேள்வியும் உண்டு. மாடே முந்தியது என்பது பழைய கருத்து. கம்பளி மயிரைப் பிடுங்குவது, சீவுவது என்று பொருள்படும் வேரோடு சேர்த்து, ஆடுதான் முதற்பொருள் என்பாரும் உளர். பிரெஞ்சு அறிஞர் எமில் பென்வெனிஸ்ட் 1969இல் இதைத் தலைகீழாக்கினார்: இடம்பெயர்க்கக்கூடிய உடைமை என்பதே முதற்பொருள், அது பிறகு கால்நடைக்குச் சுருங்கியது என்பது அவர் வாதம். அப்படிச் சுருங்கமுடியும் என்பதற்கு ஆங்கிலத்திலேயே கையில் ஓர் உதாரணம் இருக்கிறது. கால்நடையைக் குறிக்கும் 'கேட்டில்' முதலில் சொத்து என்றே பொருள்பட்டது. லத்தீனில் தலைக்குக் 'கபுட்'. அதிலிருந்து 'கபிட்டாலே', அதாவது தலையாய பொருள். வட பிரான்சின் நோர்மன்காரர் வாயில் அது 'கேட்டில்' ஆகி மாட்டில் முடிந்தது. மத்திய பிரெஞ்சு வாயில் 'சட்டல்' ஆகி, சட்டத்தில் அசையும் சொத்தாக நிற்கிறது. புத்தகத்திலிருந்து நேரே எடுத்தபோது 'கபிட்டல்' ஆயிற்று. வியாபாரத்துக்குப் போடும் காசை நாமும் 'முதல்' என்கிறோம். தலையும் முதலும் வெகு தூரமில்லை. ஆனால் இதுவும் உறவல்ல, ஒத்த சிந்தனை.

இனி, இன்றைய 'ஃபீ' அந்தப் பழைய 'ஃபெயொஹ்'தானா? ஆம் என்று ஒரே சொல்லில் சொன்னால் அதுவும் பிழை. இச்சொல்லுக்குத் தாய் இருவர்.

1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்தபின் நிலமெல்லாம் அரசனுடையது என்றாயிற்று. மேலே உள்ளவனுக்குப் படைவேலையோ வேறு ஊழியமோ செய்து, அதற்குப் பதிலாக அனுபவிக்கும் நிலத்துக்குப் பிரெஞ்சில் 'ஃபியு', 'ஃபீஃப்'. பதிவேட்டு லத்தீனில் 'ஃபெயோடும்'. நிலமானிய முறையைக் குறிக்கும் 'ஃபியூடல்' இதன் வழி. இங்கிலாந்தில் வழங்கிய பிரெஞ்சில் அது 'ஃபே' என்று தேய்ந்தது. பழைய ஆங்கில 'ஃபெயொஹ்'வும் கடைசி உரசொலியை இழந்து அதே 'ஃபே'யில் வந்து நின்றது. இரண்டும் ஒரே வாசலில் மோதிக்கொண்டன. மாட்டுப் பொருள் மெல்ல மறைந்தது. பிரெஞ்சுக்காரனின் நிலப்பொருள் தங்கிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்த 'ஃபெயோடும்' கூட ஃபிராங்க் என்னும் ஜெர்மானிய மக்களின் 'ஃபெஹு'வோடு உடைமையைக் குறிக்கும் இன்னொரு சொல் சேர்ந்தது என்பதே பலருடைய கருத்து. எல்லாரும் அதை ஏற்கவில்லை. அது சரியானால், வடக்கிலிருந்து பிரான்சுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள் பிரெஞ்சு உடுப்பில் திரும்பி வந்து, தன் சொந்த அக்காவை வீட்டைவிட்டு வெளியேற்றிய கதை இது.

நிலம் எப்படிக் கட்டணமானது? நிலத்தைப் போலவே பதவியையும் பரம்பரையாக அனுபவித்தார்கள். பதவியில் இருப்பவனுக்கு அந்தப் பதவியின் உரிமையாகக் கிடைக்கும் வருமானமும் ஃபீ ஆயிற்று. பிறகு ஒவ்வொரு காரியத்துக்கும் அவனுக்குச் சேரவேண்டிய தொகை. பிறகு வழக்கறிஞருக்கும் வைத்தியருக்கும் கொடுப்பது. பாடசாலை அனுமதிக்கும் பரீட்சைக்கும் கட்டுவதும் இதே பெயரில் சேர்ந்தது. அதனால்தான் இன்றும் தச்சருக்குக் கொடுப்பது ஆங்கிலத்தில் கூலி, வைத்தியருக்குக் கொடுப்பது ஃபீ. வேலைக்கு அளந்த விலை கூலி; தகுதிக்கு உரியது ஃபீ. இந்த அந்தஸ்து வாடை அந்த நிலத்திலிருந்து வந்தது. ஸ்கொட்லாந்தில் மட்டும் அது கீழிறங்கியது. அங்கே 'ஃபீ' என்பது பண்ணை வேலையாளைக் குறித்த காலத்துக்கு அமர்த்துவதைக் குறிக்கும் வினை. அதற்கென்றே ஆட்கள் கூடிய சந்தைகளும் இருந்தன.

உயிரொலியின் மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமாராக 1400க்கும் 1700க்கும் இடையே ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் பெரும்பாலானவை வாயில் மேலேறின. 'ஃபேட்' என்று ஒலித்த பாதங்கள் 'ஃபீட்' ஆகின. 'ஃபே' 'ஃபீ' ஆயிற்று. ஆகவே 'ஃபீ'யில் இன்று நாம் கேட்கும் ஈகாரத்துக்கு வயது ஆறு நூற்றாண்டுக்கு மேல் இராது. ஈதலைப் பேசும் சங்கப் பாட்டின் ஈகாரத்தை அதோடு முடிச்சுப் போடுவது, பேரனின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துப் பாட்டனை அடையாளம் காண்பதற்குச் சமம்.

பழைய மாட்டுப் பொருள் முற்றாக அழிந்துவிடவுமில்லை. 'ஃபெலோ' என்ற சொல்லில் அது ஒளிந்திருக்கிறது. வட ஐரோப்பிய நோர்ஸ் மக்களின் 'ஃபேலாகி'யில் முதற்பாதி பொருள், பிற்பாதி இடுதல்: கூட்டு வியாபாரத்தில் தன் பொருளை இட்டவன், அதாவது பங்காளி. 'அவன் நல்ல ஃபெலோ' என்று கொழும்பில் ஒருவர் சொல்லும்போதும், ஒரு பேராசிரியர் பெயருக்குப் பின்னால் 'ஃபெலோ' என்று போடும்போதும் அந்த மாடு வாலாட்டுகிறது.

உறவுபோலத் தெரிந்து உறவில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். பத்தி எழுதுவோர் சறுக்கும் இடங்கள் இவை. தீராப் பகையைக் குறிக்கும் 'ஃபியூட்'டும் நிலமானிய 'ஃபியூட'லும் எழுத்தில் இரட்டையர். ஆனால் முந்தையது பகைவனைக் குறிக்கும் 'ஃபோ'வின் இனம். 'கேஷ்' நம் காசிலிருந்து வந்ததென்று செட்டியார் தெருவில் ஆணையிட்டுச் சொல்வார்கள். பாதி உண்மை. ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் உண்டு. தென்னிந்தியாவிலும் சீனத்திலும் புழங்கிய சின்னச் செப்புக்காசைக் குறித்தது, போர்த்துக்கேயர் வாய்வழி போன நம் காசு. இன்று கடையில் 'கேஷா, கார்டா' என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் பெட்டியைக் குறிக்கும் லத்தீன் 'கப்சா'விலிருந்து இத்தாலிய, பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் பணப்பெட்டி, பிறகு பெட்டிக்குள் இருந்த பணம்.

நம் சொந்த வளவிலும் குழிகள் உண்டு. ஆயம் என்றால் ஆநிரை, ஆயம் என்றால் வரி. ஆஹா, இதோ தமிழின் ஃபெயொஹ் என்று துள்ளத் தோன்றும். துள்ளக்கூடாது. ஆநிரை ஆயம் தமிழ். வரி ஆயம் வருவாயைக் குறிக்கும் வடசொல். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இரண்டையும் தனித்தனித் தலைச்சொல்லாகவே வைத்திருக்கிறது. சம்பளம் என்பது சம்பா நெல்லும் உப்பளமும் என்று சொல்வாருண்டு. வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவைக் குறிக்கும் 'சம்பல' என்ற வடசொல்லை அவர்கள் பார்ப்பதில்லை. அதற்குத் துணையாக உரோமப் படைவீரருக்கு உப்பையே 'ஸலரி'யாக அளந்து கொடுத்தார்கள் என்பார்கள். லத்தீன் சொல்லில் உப்பு இருப்பது மெய். உப்பை மூட்டையாகச் சம்பளம் கொடுத்ததாக அக்கால எழுத்து எதுவும் சொல்லவில்லை. இப்படிக் கதை கட்டுவது எவ்வளவு எளிது தெரியுமா? மாட்டைக் கட்டுவதால் 'கட்டணம்' வந்தது, அதனால்தான் ஃபீயும் மாடு, கட்டணமும் மாடு. இதோ, ஒரு நிமிடத்தில் ஒன்று தயார். வரி கட்டு, காசு கட்டு என்ற சாதாரண வழக்கிலிருந்து வந்த சொல் அது. மாட்டுக்கும் அதற்கும் ஒரு கயிறுகூட இல்லை.

ஆகவே பத்தியை அச்சுக்கு அனுப்புமுன் சில வேலைகள். இன்றைய எழுத்தைப் பார்க்காமல், அச்சொல் முதன்முதலில் பதிவான நூற்றாண்டையும் அப்போதைய உருவத்தையும் பொருளையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் மேற்கோளும் ஆண்டும் தரும். அதில் ஒரே எழுத்துக்கூட்டலுக்கு 1, 2 என்று எண்ணிட்ட தலைச்சொற்கள் இருந்தால், அவை வேறு வேறு பிறப்புடைய சொற்கள். பெரும்பாலோர் முதலாவதை மட்டும் வாசித்து எழுந்துவிடுகிறார்கள். ஃபீயும் கேஷும் கெட்டது அப்படித்தான். பிறப்புக் குறிப்பில் 'ஒப்பிடுக' என்றிருந்தால் அது ஒப்பிடுக என்பது மட்டுமே. 'இதிலிருந்து பிறந்தது' என்று பொருளல்ல. 'இனமான' என்றிருந்தால் உடன்பிறப்பு, தாயல்ல. ஒரு வடிவத்தின் முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அவ்வடிவம் எந்த ஏட்டிலும் இல்லை, அறிஞர் கணித்து மீட்டது. அதைச் சான்றாக அச்சிடக்கூடாது.

அதற்குப் பிறகு ஒலி. ஒரு சோடிச் சொல்லில் ஒலி ஒத்தால் அது தற்செயல். அதே மாற்றம் நாலைந்து சோடியில் திரும்பத் திரும்ப வரவேண்டும். 'ஈ'யின் முன் ஓர் ஃபகரம் முளைத்தது என்றால், வேறு எந்தெந்தத் தமிழ்ச் சொல்லின் முன் அப்படி முளைத்தது? ஈட்டி ஏன் ஃபீட்டி ஆகவில்லை?

அதோடு வழி. தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்துக்குப் போனது பெரும்பாலும் 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்த பிற்பாடு, போர்த்துக்கேய, ஒல்லாந்த, ஆங்கிலக் கப்பல்களில். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் அந்தக் கூட்டம். அதற்கு ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே ஆங்கில ஏட்டில் இருக்கும் சொல்லுக்கு வேறு வழி காட்டவேண்டும். காட்ட முடியாததல்ல. இஞ்சி பழைய ஆங்கிலத்திலேயே 'கிஞ்சிஃபெர்' என்று இருக்கிறது. லத்தீன், கிரேக்கம், பிராகிருதம் என்று படிப்படியாகப் பின்னோக்கிப் போனால் நம் இஞ்சிவேரில் போய் முட்டுவதாகப் பல அறிஞர் கொள்கிறார்கள். சரக்கும் போனது, பெயரும் போனது, இடைப்பட்ட ஒவ்வொரு படியிலும் எழுத்துச் சான்றும் உண்டு. 'ஈ'க்கு அப்படி ஒரு படிகூட இல்லை. தமிழ்ச் சொற்களுக்குப் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதியும் (இரண்டாம் பதிப்பு 1984), சென்னைப் பேரகராதியும் சிக்காகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். வீட்டிலிருந்தபடி ஒரு குறிப்பைச் சரிபார்க்க அரைமணி போதும்.

சொற்பிறப்பு வெறும் பொழுதுபோக்கல்ல என்பதற்கு மொழிபெயர்ப்பு மேசையிலிருந்து ஓர் உதாரணம். ஆங்கிலக் காணிச் சட்டத்தில் 'ஃபீ சிம்பிள்' என்றொரு தொடர் உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'எளிய கட்டணம்'. இங்கே ஃபீ பழைய நிலப்பொருளில் நிற்கிறது. சிம்பிள் என்றால் நிபந்தனை எதுவும் ஒட்டாதது. விற்கலாம், கொடுக்கலாம், எந்த வாரிசுக்கும் போகலாம். 'நிபந்தனையற்ற முழு உரித்து' என்பதே பொருத்தம். நம் ஊர் காணி விளம்பரத்தில் 'சின்னக்கர உறுதி' என்று போடுவதற்குக் கிட்டியது. 'ஃபீ டெயில்' இன்னும் ஆபத்து. டெயில் வாலல்ல, வெட்டப்பட்டது என்னும் பிரெஞ்சுச் சொல். வழித்தோன்றலுக்கு மட்டும் போகும்படி வெட்டிக் குறுக்கிய உரித்து. அதற்கு ஒப்பாக இங்கே உரோமன் டச்சுச் சட்டத்தில் இருந்த ஃபிதேயிகொமிசம் என்ற ஏற்பாட்டை 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஒழித்தது. 'கட்டண வால்' என்று பெயர்த்து வைத்தால் நீதிமன்றத்தில் மாடு மறுபடி எழுந்து நிற்கும்.

இன்னொரு தொல்லை, கட்டணம் என்ற ஒரே சொல்லின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றுவது. பஸ்ஸில் கொடுப்பது 'ஃபெயர்', பயணம் செய்வதைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து. கொட்டாவையில் அதிவேகப் பாதைக்கு ஏறினால் கொடுப்பது 'டோல்', கடவைக்கும் சுங்கத்துக்கும் உரியது. வங்கி கழிப்பது 'சார்ஜ்', வண்டியில் ஏற்றும் சுமையிலிருந்து. பரீட்சைக்குக் கட்டுவது ஃபீ. நாலுக்கும் நாம் கட்டணம் என்றே எழுதுகிறோம். செய்தியில் இது போதும். ஒரே ஒப்பந்தத்தில் நாலும் வந்தால் போதாது. பயணக் கட்டணம், கடவைக் கட்டணம், சேவை அறவீடு, கட்டணம் என்று முதற்பக்கத்திலேயே பிரித்து வரையறுத்துவிட வேண்டும். பேச்சிலோ ஒருமைக்கும் 'பீஸ்', பன்மைக்கும் 'பீஸ்', கோழித் துண்டுக்கும் 'பீஸ்'. அதை யாரும் திருத்த வரமாட்டோம்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் கேஷ் பற்றியதையும் சம்பளம் பற்றியதையும் தாராளமாக வெட்டுங்கள். மாட்டை மட்டும் வெட்டவேண்டாம்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர் இருவர்,
கொழும்பு – 06